எலி புகாத கட்டடமும் பழுதுறாத இசைக்கருவியும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இசைக்கருவி இல்லாத பள்ளியோ வழிபாட்டு இடமோ காண்பது அரிது. தமிழர் கோயில்களில் தவிலும் நாகசுரமும் உண்டு. பள்ளிகளில் ஆர்மோனியமும் மிருதங்கமும் தபலாவும் உண்டு. நிக்கோபார் மக்களின் மாதா கோயில்களில் கித்தாரும் மின்விசைப் பலகைகளும் உண்டு. இவை அனைத்திற்கும் பொதுவான பகை ஒன்றுளது. அஃது எலி. பள்ளி விடுமுறைக்குப் பின் அலமாரியைத் திறந்த ஆசிரியர், ஆர்மோனியத் துருத்தியில் ஓட்டையையும் மிருதங்கத்தின் தோலில் கறித்த தடத்தையும் கண்டு வருந்துவது இத்தீவுகளில் புதுமையன்று.

இவ்விழப்பைச் சிறிதென்று கருதுவோர் உளர். அவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. சென்னையிலோ தஞ்சையிலோ மிருதங்கத்தின் தோல் கிழிந்தால், அதனை மூட்டித்தரும் கைவினைஞர் அண்மையிலேயே இருப்பார். இத்தீவுகளில் அத்தகையோர் மிக அரியர். கருவியைச் சென்னைக்குக் கப்பலேற்றினால் போகும் பயணமே ஏறத்தாழ மூன்று நாளாகும். கப்பலின் முறை வரும்வரை காத்திருப்பதும், பழுது பார்த்த கருவி மீண்டு வருவதும் தனி. ஒரு சுண்டெலி ஓர் இரவில் செய்த சேதத்தால் ஒரு பள்ளியின் இசை வகுப்பு ஒரு பருவம் முழுதும் ஊமையாகிவிடக் கூடும்.

ஆயினும் இக்கட்டுரை இசைக்கருவியை மட்டும் கருதி எழுதப்பட்டதன்று. எலி தொல்லை மிகுந்ததும் நஞ்சு வாங்கி வைப்பதே நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. அவ்வழக்கம் தவறான முறையில் தொடங்குகிறது என்பதும், எலியைக் கொல்வதைக் காட்டிலும் எலி புகாதவாறு தடுப்பதே இத்தீவுகளுக்கு உகந்த முதல் வழி என்பதும் எமது கருத்து. அதற்கான காரணங்களை முறையே காண்போம்.

எலி ஏன் கருவியை நாடுகிறது?

எலிக்கு இசையில் நாட்டமில்லை. உணவும், கூடமைக்கத் தக்க இடமும், பல்லைத் தேய்க்க ஒரு பொருளும் அதற்கு வேண்டும். நம் இசைக்கருவிகள் இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கின்றன.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வலந்தலையின் நடுவிலுள்ள கருவட்டம் சோற்றையும் கற்பொடியையும் சேர்த்தரைத்துப் படிப்படியாகத் தேய்த்து அமைக்கப்படுவது. இடந்தலையில் வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவது மரபு. வாசித்து முடித்தபின் அந்த ரவையைச் சுரண்டி எடுத்துத் துடைக்காமல் கருவியை உறையிலிட்டால், எலிக்கு விருந்து வைத்து அழைத்தது போலாகும். ரவையைத் தின்னும் எலி, அதன் அடியிலுள்ள தோலையும் கறிக்கும். தோலும், தோல் வாரும் அதற்கு உணவாகவும் கறிக்கத்தக்க பொருளாகவும் ஒருசேரப் பயன்படுகின்றன.

ஆர்மோனியத்தின் நிலை வேறு. அதன் உள்ளே இருட்டுண்டு, காற்றோட்டம் குறைவு, அட்டை, துணி, மெல்லிய தோல், கம்பளித் துண்டு ஆகிய யாவும் உண்டு. கூடு கட்டுவதற்கு இதனினும் ஏற்ற இடம் சுண்டெலிக்குக் கிட்டாது. அது துருத்தியைக் கிழித்துப் பஞ்சாக்கிக் குட்டிகளுக்கு மெத்தையாக்கும். இதனோடு தீமை முடிவதில்லை. எலியின் சிறுநீர் சிதையும்போது அமோனியா வெளிப்படும். ஈரக் காற்றோடு கூடிய அமோனியா பித்தளைக்கு ஆகாது. இதற்கு விஞ்ஞான வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மழைப் பருவங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்புற்றன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும், உலோகத்தில் உறைந்திருந்த இறுக்கமும் சேர்ந்தே இதனை விளைவித்தன என்பது 1921-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. ஆர்மோனியத்தின் நாக்குகளும் பித்தளையால் ஆனவையே. எலி குடியிருந்த ஆர்மோனியத்தில் துருத்தியை மட்டும் மாற்றிவிட்டு நாக்குகளைத் துடைக்காமல் விடுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

மின்விசைப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் எலி நாடுவது இளஞ்சூட்டையும் கம்பியின் மேலுறையையும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கறித்துத் தேய்க்காவிடில் அவை அதற்கே தீங்காகும். பசியின்றியும் அது கம்பியைக் கடிப்பதற்குக் காரணம் இதுவே. உறை நீங்கிய கம்பியால் கருவி பழுதாவது ஒருபுறமிருக்க, மரக் கட்டடங்களில் தீ விபத்துக்கும் இடமுண்டாகிறது.

இவ்விடத்து ஒரு கதையையும் திருத்திச் சொல்லுதல் ஆசிரியர்களுக்குப் பயன்படும். 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்னும் ஊரில், அமைதியான இரவைப் பாடும் உலகப் புகழ்பெற்ற கீதம் கித்தார் இசையோடு முதன்முதல் பாடப்பட்டது. தேவாலயத்து ஆர்கனின் துருத்தியை எலிகள் கடித்துவிட்டமையால்தான் கித்தார் கையாளப்பட்டது என்று நெடுநாளாகச் சொல்லிவருகின்றனர். இதற்கு அக்காலச் சான்று ஏதுமில்லை. பின்னாளில் எழுந்த கதையே இது. ஆயினும் கேட்டவர் அனைவரும் அதனை ஐயுறாமல் நம்பினர் என்பதே, துருத்தியும் எலியும் எவ்வளவு பழகிய பகைகள் என்பதைக் காட்டும்.

எல்லா எலியும் ஓரினமன்று

தடுப்பு வேலையைத் தொடங்குமுன் எதிரியை அறிய வேண்டும். கட்டடங்களில் நமக்குத் தொல்லை தருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று சுண்டெலி; மற்றொன்று வீட்டெலி எனப்படும் கறுப்பெலி. இவ்விரண்டும் உலகெங்கும் மனிதரோடு கப்பலேறிப் பரவியவை. சுண்டெலியின் புழுக்கை அரிசியளவு சிறியது. வீட்டெலியினது அதனினும் இரண்டு மூன்று மடங்கு நீளமானது. சுண்டெலி தரையோரத்திலும் அலமாரிக்குள்ளும் வாழும். வீட்டெலி ஏறுவதில் வல்லது. கூரையிலும் மச்சிலும் தென்னையின் கொண்டையிலும் வாழும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளத் தகாத உயிர்களும் இத்தீவுகளில் உள்ளன. அந்தமானின் காடுகளில் ராட்டஸ் ஸ்டாய்க்கஸ் என்னும் எலியும், நிக்கோபாரில் ராட்டஸ் பால்மாரம், ராட்டஸ் பரஸ் என்னும் எலிகளும் இத்தீவுகளுக்கே உரியவை. உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவ்வாறே இத்தீவுகளுக்கே உரிய மூஞ்சூறு இனங்களும் சில உண்டு. மூஞ்சூறு, எலி போலத் தோன்றினும் எலியன்று; பூச்சிகளைத் தின்று வாழ்வது; துருத்தியைக் கடிப்பதில்லை. வீட்டுக்குள் வரும் சாதாரண மூஞ்சூற்றையும் நாற்றம் கருதி அடித்துக் கொல்வது தேவையற்றது. ஆயினும் அதனையும் வெறுங்கையால் தொடலாகாது. அதுவும் நோய்க்கிருமிகளைச் சுமக்கக் கூடும்.

தீவுக்குரிய எலிகளைப் பற்றிக் கவலை எதற்கு என்று வினவலாம். இந்தியப் பெருங்கடலிலேயே இதற்கு விடை உண்டு. சாவகத் தீவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவில் அத்தீவுக்கே உரிய மெக்லியர் எலி ஏராளமாக வாழ்ந்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல் வழியே கறுப்பெலி அங்கு வந்து இறங்கியது. அது கொணர்ந்த நோயால் மெக்லியர் எலி சில ஆண்டுகளுக்குள் அழிந்துபட்டது. 1903-ஆம் ஆண்டுக்குப்பின் அதனை ஒருவரும் கண்டதில்லை. அந்தமான் நிக்கோபாரிலும் வீட்டெலி காட்டுக்குள் பரவும் வழிகளை நாம் பெருக்கலாகாது.

நோயின் அளவில்

எலியின் சேதங்களில் மிகக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத சேதமே. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் இத்தீவுகளில் பழைமையானது. டெய்லர், கோயில் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் அந்தமானில் இந்நோயைப் பற்றி எழுதிய விரிவான நூல் 1931-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பின்னர் இந்நோய் மறக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டு முதல் மழைக்காலத்தின் இறுதியில் காய்ச்சலும் நுரையீரல் இரத்தக்கசிவும் கொண்ட மர்ம நோய் ஒன்று தோன்றலாயிற்று. அதற்கு அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வழங்கியது. 1993-ஆம் ஆண்டில் வட அந்தமானின் திக்லிபூர்ப் பகுதியில் நோய் பரவியபோது நடந்த ஆய்வுகளால், அது லெப்டோஸ்பைரோசிஸ் என்பது தெளிவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் இத்துறையில் ஆற்றிய பணி நாடறிந்தது.

இக்கிருமி எலியின் சிறுநீர் வழியே வெளிவருகிறது, ஈரத்தில் நெடுநாள் வாழ்கிறது, உலர்ந்தால் மாள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் ஈரத்துக்குக் குறைவேது? எலி குடியிருந்த ஆர்மோனியத்தை மாணவர்களைக் கொண்டு வெறுங்கையால் சுத்தம் செய்விக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அஃது இன்றே நிற்க வேண்டும். வெட்டுக்காயமோ சிராய்ப்போ உள்ள கையின் வழியே கிருமி புகும். எலியின் கழிவைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கித் தூசியாக்கவும் கூடாது. ரப்பர்க் கையுறையணிந்து, தரையையும் அலமாரியையும் சலவைத் தூள் கரைத்த நீரால் நனைத்துச் சிறிது நேரம் விட்டுத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தோலின்மீதும் பித்தளையின்மீதும் சலவைத் தூள் நீர் படலாகாது. அவற்றைக் கையுறையோடு ஈரத்துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் நன்கு உலர்த்துவதே போதும். கடும் வெயிலில் கிடத்தினால் தோல் வெடிக்கும்.

நிக்கோபார்த் தச்சர் தந்த பாடம்

எலியைத் தடுத்தலே முதல் வழி என்னும் கருத்து மேனாட்டிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதன்று. கார் நிக்கோபாரின் மரபு வீடுகள் தேன்கூடு போன்ற வட்டக் கூரையுடன், ஆள் உயரத்திற்குக் குறையாத தூண்களின்மேல் அமைந்தவை. தூணின் தலைப்பில், தளத்துக்குச் சற்றுக் கீழே, அகன்ற வட்டத் தட்டு ஒன்று பொருத்தப்படும். எலியோ பாம்போ தூணில் ஏறிவந்தால், தட்டின் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்கி விளிம்பைக் கடக்க வேண்டியிருக்கும். அஃது அதனால் இயலாது. ஏணியும் இரவில் மேலே இழுத்துக்கொள்ளத் தக்கது.

இதனோடு துறைமுகத்தில் நாம் காணும் ஒரு காட்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். கரையில் கட்டிய கப்பலின் வடங்களில் வட்டத் தகடுகள் மாட்டியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். வடத்தின் வழியே எலி கப்பலுக்குள்ளும் கரைக்கும் நடவாமல் தடுப்பதே அவற்றின் வேலை. பன்னாட்டுக் கப்பல் சுகாதார விதிகள் வற்புறுத்தும் தத்துவமும், கார் நிக்கோபார்த் தச்சர் பரம்பரையாக அறிந்திருந்த தத்துவமும் ஒன்றே: எலி ஏறும் வழியை அறிந்து, அவ்வழியில் அது கடக்கவொண்ணாத ஒரு விளிம்பை வைத்தல். தென்னையின் தண்டில் இரண்டு மீட்டர் உயரத்தில் வழவழப்பான தகரப் பட்டை சுற்றுவதும் இதன்பாற்பட்டதே. ஆனால் ஒரு மரத்தின் ஓலை மற்றொன்றைத் தொடுமாயின் பட்டையால் பயனில்லை. எலி தரைக்கு இறங்காமலே தோட்டம் முழுதும் உலவும். கூரையைத் தொடும் கிளைக்கும் இவ்விதி பொருந்தும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தபின், தகரக் கூரையும் இரும்புச் சட்டமும் கொண்ட வீடுகள் பெருமளவில் எழுந்தன. அவை அவசரத் தேவையை நிறைவேற்றின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய வீடு தன் அமைப்பிலேயே கொண்டிருந்த எலித்தடையைப் புதிய கட்டடத்தில் தனியே திட்டமிட்டுச் சேர்த்தாலன்றி வாராது. ஒரு சமூகம் தன் தச்சுக்கலையில் பொதிந்துவைத்த விஞ்ஞானத்தை வரைபடத்தில் குறிக்க மறப்பது வீண் இழப்பாகும்.

கட்டடத்தில் செய்யத்தக்கவை

எலியைத் தடுக்க நினைப்போர் முதலில் மனங்கொள்ள வேண்டியவை இரண்டு அளவுகள். சுண்டெலி 6 மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சிய இடைவெளியிலும் நுழையும். இளம் வீட்டெலி 12 மில்லிமீட்டர் அளவுள்ள துளையில் நுழையும். ஒரு பென்சில் நுழையும் இடத்தில் சுண்டெலியும், பெருவிரல் நுழையும் இடத்தில் வீட்டெலியும் நுழையும் என்று மாணவர்க்குக் கற்பிக்கலாம். தலை நுழைந்தால் உடல் பெரும்பாலும் நுழைந்துவிடும்.

இத்தீவுகளின் கட்டடங்களில் முதலில் நோக்க வேண்டிய இடம், அலைத் தகரக் கூரை சுவரின் மேல் அமரும் விளிம்பு. தகரத்தின் ஒவ்வோர் அலைக்கும் கீழே ஒரு வாயில் திறந்திருக்கிறது. சுவரின் நீளத்தை அலையின் அகலத்தால் வகுத்துப் பார்ப்பவர், பூட்டிய கதவின் மேலே எத்தனை திறந்த வாயில்கள் உள்ளன என்று கண்டு வியப்பர். அவ்விடைவெளிகளைச் சிமெண்டுக் கலவையால் அடைக்கலாம். காற்றோட்டம் வேண்டுமாயின் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுடைய உலோக வலையால் மூடலாம்.

அடுத்து, கதவின் அடி. மரக்கதவு மழையில் உப்பி, வேனிலில் சுருங்கி, அடியில் இடைவெளி விடும். கதவின் கீழ்ப்புறத்தில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் தகரப் பட்டை அடித்து, தரைக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை 6 மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டும். மூன்றாவது, குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள். இவற்றைத் துணியாலும் காகிதத்தாலும் அடைப்பது எலிக்குப் பஞ்சு கொடுப்பதாகும். இரும்புக் கம்பிநாரை அடைத்தால் கடற்காற்றில் அது விரைவில் துருப்பிடித்து உதிரும். துருவேறா எஃகு வலையைச் சுருட்டித் திணித்து மேலே சிமெண்டுக் கலவை பூசுவதே நிலைத்து நிற்கும். நான்காவது, வெட்டுவாய் திறந்த மூங்கில். மூங்கிலின் உட்குழி எலிக்கு ஆயத்தமான வளை. அதன் இரு முனைகளையும் அடைத்தல் வேண்டும்.

சுவரையொட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லும், விறகும், தேங்காய் மட்டையும் இல்லாத வெற்றிடம் இருப்பின் எலி அதனைக் கடக்க அஞ்சும். திறந்த வெளியில் ஓடுவது அதன் இயல்பன்று. மதிய உணவுக்கூடமும் இசையறையும் அடுத்தடுத்து இராமல் பார்த்துக்கொள்வது நன்று.

கருவிகளுக்கு உரிய காப்பு

கட்டடம் முழுவதையும் ஒரே ஆண்டில் சீராக்க எல்லாப் பள்ளிகளாலும் இயலாது. அத்தகைய இடங்களில் ஓர் அலமாரியையாவது எலி புகாததாக்கலாம். இரும்பு அலமாரியே சிறந்தது. ஆனால் தீவின் ஈரக்காற்றில், முற்றிலும் மூடிய இரும்பு அலமாரிக்குள் தோலும் மரமும் பூசணம் பிடிக்கும். எலிக்கு அஞ்சி மூடினால் பூசணம். பூசணத்துக்கு அஞ்சித் திறந்தால் எலி. இதற்குத் தீர்வு, அலமாரியின் மேலும் கீழும் காற்றுத்துளைகள் விட்டு, அவற்றை நுண்ணிய உலோக வலையால் மூடுவதே. அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் விலகியும், தரையிலிருந்து கால்களின் மேல் உயர்ந்தும் நிற்க வேண்டும். அப்போது அதன் அடியையும் பின்புறத்தையும் நோக்க முடியும்.

மிருதங்கத்தின் இடந்தலையிலுள்ள ரவையை வாசிப்பு முடிந்த அன்றே சுரண்டித் துடைத்துவிட வேண்டும். ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிப் பூட்டி, பெட்டியின் மூடியில் விரிசல் இருப்பின் அடைக்க வேண்டும். நாகசுரத்தின் சீவாளிகளைத் தகரச் சிமிழில் வைக்கலாம். கருவியைத் துணிப்பையிலோ அட்டைப் பெட்டியிலோ இட்டுவைப்பது காப்பாகாது. வாரத்துக்கு ஒருமுறை கருவியை எடுத்து வாசிப்பதே எல்லாவற்றினும் சிறந்த காப்பு. நாளும் அசையும் கருவியில் எலி கூடு கட்டாது. விடுமுறையில் இப்பொறுப்பு யாருடையது என்பதை விடுமுறைக்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

பாச்சை உருண்டையும் கற்பூரமும் எலியை விரட்டும் என்பது நம்பத்தக்கதன்று. பாச்சை உருண்டை சிறுவர் கையில் கிட்டினால் நஞ்சுமாகும். மனிதர் செவிக்கு எட்டாத ஒலியெழுப்பி எலியை விரட்டுவதாக விற்கப்படும் கருவிகளும் நிலையான பயன் தருவதில்லை. எலி சில நாளில் அவ்வொலிக்குப் பழகிவிடும்.

பொறியும் நஞ்சும் பற்றி

தடுப்பு வேலை முடிந்தபின், உள்ளே அகப்பட்ட எலிகளைப் பொறியால் பிடிக்கலாம். சுண்டெலி புதியதை ஆராயும் இயல்புடையது. ஆதலின் சுவரோரமாக இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பல பொறிகளை ஒரே இரவில் வைத்தல் பயன் தரும். வீட்டெலியோ புதிய பொருளைக் கண்டு அஞ்சும். சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்து, பொறியைப் பூட்டாமல் மூன்று நான்கு நாள் பழக்கியபின் பூட்ட வேண்டும். பசைப் பலகைகளை ஆதரிப்பதற்கில்லை. அவை எலியைப் பல மணி நேரம் வதைப்பதோடு, பல்லியையும் மூஞ்சூற்றையும் பறவையையும் பிடித்துக் கொல்கின்றன.

கூண்டில் அகப்பட்ட எலியை இரக்கத்தால் காட்டோரம் கொண்டுபோய் விடுவோர் உண்டு. அவர்தம் இரக்கம் போற்றத்தக்கது; செயலோ தீவுக்கு ஒவ்வாதது. வீட்டெலியைக் காட்டில் விடுதல் என்பது, தீவுக்குரிய எலியின் வீட்டில் அந்நியனைக் குடியேற்றுவதாகும். பிடிபட்ட உயிர் எவ்வினமென்று ஐயம் எழுந்தால், படமெடுத்து வனத்துறையினரிடமோ இந்திய விலங்கியல் மதிப்பீட்டுத் துறையின் வட்டார மையத்திடமோ கேட்டறிவது நன்று.

நஞ்சுக்கு வருவோம். நஞ்சை முற்றிலும் விலக்க வேண்டுமென்பது எமது வாதமன்று. நோய் பரவும் காலத்திலும், களஞ்சியங்களிலும், பயிற்சி பெற்றவர் கையால் அதற்கு இடமுண்டு. பள்ளியில் அதனை முதல் மருந்தாகக் கொள்வதையே மறுக்கிறோம். காரணங்கள் நான்கு. முதலாவது, துத்தநாக பாஸ்பைடு போன்ற நஞ்சு வயிற்று அமிலத்தோடு கலந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடுவது. அதற்கு மாற்று மருந்து இல்லை. சிறுவர் நடமாடும் இடத்தில் இதனை வைப்பது தகாது. இரண்டாவது, நஞ்சுண்ட எலி துருத்திக்குள்ளோ மச்சுக்குள்ளோ போய்ச் சாகும். அந்நாற்றம் பல நாள் நீங்காது. மூன்றாவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் புதுவகை நஞ்சுகள் எலியைத் தின்னும் ஆந்தையையும் தாக்குகின்றன. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 1980-களில் இத்தகைய நஞ்சு புகுந்தபின் கூகைகள் குறைந்தமை பதிவாகியுள்ளது. அந்தமானுக்கே உரிய கூகை ஒன்று நம்மிடம் உண்டு; எலி பிடிப்பதில் நம்மினும் வல்லது அது.

நான்காவது காரணமே முதன்மையானது. துளை திறந்திருக்கும்வரை கொலை முடிவுறாது. சுண்டெலியின் சினைக்காலம் ஏறத்தாழ இருபது நாள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அக்குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாமும் ஈனத் தொடங்கும். ஓர் அறையிலுள்ள எலிகளைக் கொன்றால், காலியான இடத்தை வெளியிலிருப்பவை நிரப்பும். நஞ்சின் செலவு ஆண்டுதோறும் வருவது. துளையை அடைக்கும் செலவோ பல ஆண்டுக்கு ஒருமுறை வருவது.

பூனை போதாதா என்று கேட்போர்க்கும் ஒரு சொல். பூனை சுவரின் இடுக்கிலும் ஆர்மோனியத்தின் உள்ளும் புகாது. வீட்டை விட்டுக் காடேறிய பூனை, தீவின் சிறு பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் எலியினும் கொடியதாகும்.

சிறு தீவுகளின் காவல்

வெளிப்பணி ஊழியர் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்றுண்டு. தீவுக்குத் தீவு எலி நீந்திச் செல்வதைவிட, நம் மூட்டைகளிலேயே மிகுதியாகப் பயணம் செய்கிறது. திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் கப்பலேறும் தவில் உறை, ஆர்மோனியப் பெட்டி, ஒலிபெருக்கிப் பேழை ஆகியவை கூடு கொண்ட சுண்டெலியை ஊர் விட்டு ஊர் சேர்க்கத் தக்கவை. ஏற்றுமுன் திறந்து நோக்குக. இறக்கிய பின்னும், மூடிய அறையில் வைத்துத் திறந்து நோக்குக. நியூசிலாந்து நாட்டினர் காம்பெல் தீவிலிருந்து எலியை அறவே ஒழிக்க 2001-ஆம் ஆண்டில் ஹெலிகாப்டர்களைக் கொண்டு பெரும் பணி நடத்த வேண்டியிருந்தது. மக்களும், தீவுக்கே உரிய எலிகளும் வாழும் நம் தீவுகளில் அம்முறைக்கு இடமேயில்லை. ஒழிக்க வழியில்லாத இடத்தில், வரவிடாமை ஒன்றே வழி.

நாம் வேண்டுவன

முடிவாக, மூன்று செய்திகளை வற்புறுத்த விரும்புகிறோம். முதலாவது, அரசினர் கட்டும் பள்ளி, விடுதி, களஞ்சியம் ஆகியவற்றின் விவரக் குறிப்பில் கூரை விளிம்பை அடைத்தல், கதவின் அடித் தகடு, காற்றுத்துளை வலை ஆகிய மூன்றும் தனி இனங்களாக இடம்பெற வேண்டும். கட்டும்போது இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. கட்டி முடித்தபின் சேர்ப்பதே கடினம். இரண்டாவது, ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில், மழை இறங்குமுன், ஒவ்வொரு பள்ளியும் துளைகளை எண்ணி அடைக்கும் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். மூன்றாவது, பள்ளிக்கு இசைக்கருவி வழங்கும்போது, அதனை வைக்க எலி புகாத அலமாரியும் உடன் வழங்க வேண்டும். காப்பிடம் இன்றிக் கருவி மட்டும் தருவது பாதி உதவியே.

ஆசிரியப் பெருமக்கள் இதனைப் பாடமாகவும் ஆக்கலாம். மாணவர் பென்சிலொன்றைக் கையில் கொண்டு பள்ளியைச் சுற்றிவந்து, அது நுழையும் இடங்களையெல்லாம் படத்தில் குறிக்கட்டும். மாலையில் தரையில் மெல்லிய சாம்பலைத் தூவி, மறுநாள் காலையில் அடிச்சுவடுகளை அளந்து, எவ்வழியே எலி வந்தது என்று கண்டறியட்டும். சாம்பலையும் சுவட்டையும் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் பாடத்தின் ஒரு பகுதியாகட்டும். ஓர் ஊகத்தை அமைத்து, அதனைச் சோதித்து, வழியை அடைத்து, மீண்டும் சாம்பல் தூவி முடிவைச் சரிபார்க்கும் மாணவன் விஞ்ஞான முறை முழுவதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறான். அவ்வாறு கற்ற பள்ளியில் ஆர்மோனியமும் நெடுநாள் பாடும். மழைக்காலத்தில் பிள்ளைகளின் உடல்நலமும் காக்கப்படும்.